சிரிப்பை உரைகல்லாக வைப்போம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் வீற்றிருக்கும் மூவருக்கும், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இந்தப் பனியிலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் குன்னூர் மக்களுக்கும் என் வணக்கம்.

"நாவல் திரைக்கு வந்தால் வளர்கிறதா, தேய்கிறதா?" என்பது தலைப்பு. தேய்கிறது என்பது எங்கள் கட்சி. எதிரணியில் முதலில் பேசிய தங்கை மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போனார். முப்பது விநாடி விளம்பரமே ஒரு கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது, மூன்று மணி நேரப் படத்தால் ஒரு நாவலைச் சொல்ல முடியாதா என்றார். தில்லானா மோகனாம்பாளைக் காட்டினார். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகுதான் புத்தகம் வீடுவீடாகப் போனது என்றார். கைதட்டலும் வாங்கினார், தகுந்த கைதட்டல்தான். விளம்பரத்தை அவர் எடுத்துக் கொடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் கட்சியின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

விளம்பரம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்போம். நம் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். முப்பது விநாடிக்கு 750 ஃப்ரேம். அதில் கடைசி நாலைந்து விநாடி பொருளின் பெயருக்கும் பொட்டலத்துக்கும் போய்விடும். கையில் மிஞ்சுவது 25 விநாடி. நிதானமாகத் தமிழ் பேசினால் அந்த நேரத்துக்குள் நாற்பது சொல்லைத் தாண்டுவதே கஷ்டம். அதனால் வேடிக்கையைப் படத்தில்தான் வைத்தாக வேண்டும். முதல் பத்து விநாடியில் இது எந்த இடம், யார் ஆள், அவருக்கு என்ன சங்கடம் என்பது விளங்கிவிட வேண்டும். அடுத்த பத்தில் நம்மை ஒரு பக்கமாக நம்ப வைக்க வேண்டும். கடைசி ஐந்தில் அந்த நம்பிக்கையைக் கவிழ்க்க வேண்டும். கவிழும் இடத்தில் சிரிப்பு வரும்.

ஓர் உதாரணத்தை நானே கட்டிச் சொல்கிறேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் ஷூவைக் கழற்றுகிறார். சாக்ஸில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. அவர் மட்டும் பார்த்துவிட்டார், நாமும் பார்த்துவிட்டோம். உள்ளே போய், ஒரு காலை இன்னொரு காலால் மிதித்து மறைத்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார். பெண்ணின் அப்பா எழுந்து நிற்கிறார். அவரும் ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்து சாக்ஸ் கம்பெனியின் பெயர். சிரிப்பு வருகிறதல்லவா?

இதே விளம்பரம் ஒரு மாதம் கழித்து என்ன ஆகிறது என்று கவனியுங்கள். சேனலில் விளம்பர நேரத்துக்குப் பத்து விநாடிக் கணக்கில் காசு. முப்பது விநாடியைச் சில வாரம் ஓட்டிவிட்டு, இருபதாக, பிறகு பத்தாகக் குறைப்பார்கள். குறைக்கும் பொறுப்பு எடிட்டர் தலையில் விழும். பொட்டலத்தில் கை வைத்தால் கம்பெனிக்காரர் விடமாட்டார். இரண்டு பேரும் காலை மிதித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கை வைக்க முடியாது, வேடிக்கையே அங்கேதான். ஆகவே கத்திரி விழுவது முன்பகுதியில். ஷூ கழற்றிய வாசல் போகிறது, ஓட்டை போகிறது, எட்டிப் பார்த்த பெருவிரல் போகிறது. மிஞ்சுவது என்ன? இரண்டு ஆண்பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று ஒருவரையொருவர் முறைக்கிறார்கள், பிறகு சாக்ஸ் பாக்கெட். வீட்டில் பாட்டி கேட்கிறார்: "இவனுங்களுக்கு என்னடா வந்துச்சு? காலு மரத்துப்போச்சா?" பாட்டியின் கேள்வி நியாயமானது. விளைவைக் காட்டிவிட்டுக் காரணத்தை வெட்டிவிட்டார்கள். தொலைக்காட்சியில் புரியாத வேடிக்கை என்று நாம் முகம் சுளிப்பதில் பலவும் இப்படிப் பிறந்தவைதான். அதை எழுதியவர்மேல் மட்டும் பழி போடுவது தப்பு.

டப்பிங்கும் இதையே செய்கிறது. இந்தியில் எடுத்த விளம்பரம் தமிழுக்கு வரும்போது, திரையில் உதடு மூடும் இடத்தில் ஒரு பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் வாய் வேறு, பேச்சு வேறாகத் தெரியும். வசனம் எழுதுபவர் உதட்டுக்குச் சொல் தேடுகிறார், சிரிப்புக்குத் தேட நேரம் இல்லை. மூலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்திருந்தால், தமிழில் அது ஒற்றைப் பொருளாகச் சப்பென்று ஆகிவிடும். திரையில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நாம் ரிமோட்டைத் தேடுவோம்.

நடுவர் அவர்களே, நாவலிலும் இதேதான் நடக்கிறது. கத்திரி மட்டும் பெரிது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 பக்க நாவல், பக்கத்துக்கு 250 சொல் என்றால் 75,000 சொல். இரண்டரை மணி நேரப் படத்தில் 150 நிமிடம். அதில் பாதி நேரம் ஆட்கள் பேசுகிறார்கள், நிமிடத்துக்கு நூறு சொல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 7,500 சொல். பத்தில் ஒன்று! "மீதி ஒன்பது பங்கைக் காட்சி சொல்லிவிடும்" என்று எதிரணி சொல்லும். மரத்தை, வீட்டை, முகத்தை, மழையைக் காட்சி சொல்லும், பல சமயம் எழுத்தைவிட நன்றாகவே சொல்லும். ஆனால் நாவலில் ஒரு குரல் இருக்கிறது. யாருடைய வாயிலிருந்தும் வராத குரல். கதையைச் சொல்லிக்கொண்டே நம் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லும் குரல். அந்தக் குரலுக்கு வாய் இல்லை, முகம் இல்லை. கேமரா அதை எங்கே போய்ப் படம் பிடிக்கும்?

அது போனது தெரிய வேண்டுமானால் சிரிப்பை உரசிப் பாருங்கள். நாவலில் இரண்டு வகை வேடிக்கை உண்டு. பாத்திரம் செய்கிற வேடிக்கை ஒன்று, சொல்கிறவர் செய்கிற வேடிக்கை இன்னொன்று. முதல் வகை திரைக்கு வந்துவிடும். இரண்டாவது வகை வழியிலேயே இறங்கிவிடும்.

பொன்னியின் செல்வனையே எடுங்கள். கல்கி அதைத் தம் பத்திரிகையில் 1950 அக்டோபரில் தொடங்கி வாராவாரம் எழுதினார், ஐந்து பாகம். தொடக்கத்திலேயே, காலவெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி வாருங்கள் என்று வாசகரைக் கூப்பிடுகிறார். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரி, எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் பாயும் ஓசை, கரையில் சித்திரான்னத்தோடு வந்த ஜனங்கள், நடுவே குதிரைமேல் வந்தியத்தேவன். அடுத்த அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் நம்பி சைவரோடும் அத்வைதியோடும் வாதம் செய்கிறார், வாதம் முற்றிக் கைத்தடி உயரும் நிலைமைக்குப் போகிறது. இதையெல்லாம் சொல்கிற கல்கி நமக்கு அருகில் உட்கார்ந்து சொல்கிறார். வந்தியத்தேவன் அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளும்போது, "இவன் இப்படித்தான், என்ன செய்வது" என்பதுபோல நம் தோளில் கை போடுகிறார்.

படம் எங்கே தொடங்குகிறது? 2022இல் வந்த முதல் பாகம் வால்நட்சத்திரத்தோடும் ஆதித்த கரிகாலனின் போரோடும் தொடங்குகிறது. கமல்ஹாசன் குரல் பின்னணியில் வரலாற்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மணிரத்னத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அரங்கில் விளக்கு அணைந்ததும் ஏரிக்கரையில் சித்திரான்னம் சாப்பிடும் கூட்டத்தைக் கால் மணி நேரம் காட்ட எந்தத் தயாரிப்பாளருக்குத் துணிச்சல் வரும்? போர் வேண்டியிருக்கிறது, போடுகிறார்கள். கார்த்தியும் ஜெயராமும் பேசிக்கொள்ளும் இடங்களில் அரங்கம் சிரித்தது, எனக்குத் தெரியும். அது முதல் வகை வேடிக்கை. கல்கியின் வேடிக்கை அங்கே இல்லை.

இரண்டாம் பாகம் 2023இல் வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அத்தனை நேரம் கிடைத்தும், ஊமைத்தாய் வளர்த்த சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் போயே போய்விட்டது. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் யார் உண்மையான சோழ இளவரசன் மதுராந்தகன் என்பது எத்தனை பெரிய திருப்பம் என்று. அதைப் படத்தில் வைக்க வேண்டுமானால் குழந்தை மாறிய கதையைச் சொல்ல வேண்டும், வளர்த்த ஊமைத்தாயைக் காட்ட வேண்டும், பெற்ற அரசி செம்பியன் மாதேவியின் மனப்போராட்டத்தைக் காட்ட வேண்டும். ஒரு கிளைக்கதை திரையில் காலூன்ற குறைந்தது மூன்று நான்கு காட்சி தேவை, காட்சிக்கு இரண்டு மூன்று நிமிடம். பத்து நிமிடத்துக்கு இடம் இல்லை. வேரை எடுத்தார்கள், திருப்பம் தானே விழுந்தது. சாக்ஸ் விளம்பரத்தின் வாசல் காட்சி நினைவுக்கு வருகிறதா?

படம் வந்ததும் புத்தகம் விற்றதே என்றார் தங்கை. விற்றது. படம் நாவலை முழுதாகத் தந்திருந்தால், பார்த்தவர்கள் கடைக்குப் போய் ஐந்து பாகத்தைச் சுமந்துகொண்டு வருவானேன்? அந்த வாதம் நம் பக்கத்துச் சாட்சி, நடுவர் அவர்களே.

தில்லானா மோகனாம்பாளுக்கு வருகிறேன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், கோபுலு படம் போட்டார், 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தார். நாகேஷின் வைத்தியைப் பார்த்தபின் வேறு வைத்தியைக் கற்பனை செய்ய என்னால் முடியாது. ஒப்புக்கொள்கிறேன், மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதை ஒரு நாதஸ்வரக்காரருக்கும் ஆடும் பெண்ணுக்கும் நடக்கும் போட்டி. காகிதத்தில் நாதஸ்வரம் கேட்காது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள், காகிதத்தில் இருந்த பெரிய பள்ளம் நிரம்பியது. எழுத்துக்கு எட்டாத ஒன்றே கதையின் நடுப்பொருளாக இருந்தால் திரை வெல்லும். அப்படிப்பட்ட நாவல் எத்தனை? விரல்விட்டு எண்ணலாம்.

உதிரிப்பூக்களையும் முள்ளும் மலரும் படத்தையும் எதிரணித் தலைவர் கையில் வைத்திருப்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உமாசந்திரன் எழுதிய முள்ளும் மலரும் நாவலில் நாயகன் காளியின் கையைப் பறிப்பது புலி. மகேந்திரன் படத்தில் லாரி. வின்ச், அதாவது மலைச்சரிவில் கம்பிவடம் இழுத்து ஏற்றும் வண்டி, ஓட்டுகிற காளியின் வேலையும் கோபமும் நம் கிளென்மார்கன், சிங்காரா பக்கம் வின்ச் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும், அந்தப் படம் பொன். புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து எழுந்த உதிரிப்பூக்களும் பொன். ஆனால் ஆற்றங்கரையில் ஊரே கூடி நிற்கும் அந்த முடிவு சிற்றன்னையில் கிடையாது. மகேந்திரன் ஒரு விதையை எடுத்துப்போய் வேறு தோட்டத்தில் வேறு மரம் வளர்த்தார். மரம் அருமை. சிற்றன்னை வளர்ந்தது என்று அதற்குப் பெயர் வைக்கலாமா?

இனி நம் ரயிலுக்கு வருவோம். இந்த ஊரில் இதைப் பேசாமல் போனால் தவறு.

ஈ.எம். ஃபார்ஸ்டர் 1924இல் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' ஆங்கிலத்தின் பெரிய நாவல்களில் ஒன்று. தம் நாவல்களைப் படமாக்க அவர் உயிரோடு இருந்தவரை சம்மதிக்கவில்லை. 1970இல் இறந்தார். 1984இல் டேவிட் லீன் படம் வந்தது. கதையின் திருப்பமே நடக்கும் இடம் மராபார் குகைகள். படத்தில் அங்கே போகும் ரயில் எது தெரியுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறி வரும் நம் மலை ரயில்தான். பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறும் பாதை, கீழே பள்ளத்தாக்கு, பாலம், சுரங்கம். பார்க்கும்போது நெஞ்சு பூரிக்கும்.

நாவலில் அந்தப் பயணம் எப்படி இருக்கிறது? மராபார் குன்றுகள் இருப்பது கங்கைச் சமவெளியில். ரயில் தட்டையான நிலத்தில் மெதுவாக, சலிப்பாக ஊர்கிறது. வெளியே பார்க்கத்தக்கது என்று ஒன்றும் இல்லை. வண்டியில் இருக்கும் இரண்டு ஆங்கிலேயப் பெண்களும் இரண்டு வாரமாகவே எதையும் ஆழமாக உணரவில்லை என்று ஃபார்ஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அந்தச் சலிப்புதான் கதைக்கு அடித்தளம். எதுவும் உணராமல் போனவர்கள் குகையின் எதிரொலியில் உடைகிறார்கள். எதைச் சொன்னாலும் ஒரே முழக்கமாகத் திரும்பி வரும் எதிரொலி, நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே பதில். திரையில் சலிப்பைக் காட்ட முடியாது, காட்டினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நம் மலையின் அழகைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தார்கள். நமக்குப் பெருமை, நாவலுக்கு நஷ்டம்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அடெலா. குகைக்குள் அவளுக்கு என்ன நடந்தது? ஃபார்ஸ்டர் சொல்லவே இல்லை. அவள் ஒரு குகைக்குள் நுழைகிறாள், அவர்களைக் கூட்டிவந்த இந்திய மருத்துவன் அஜீஸ் வேறொரு குகைக்குள் நுழைகிறான், எழுத்து அவனோடு போய்விடுகிறது. நாம் உள்ளே போகவே இல்லை. அந்த இருட்டைச் சுற்றித்தான் அஜீஸ்மேல் வழக்கு, கலவரம், நட்பு முறிவு எல்லாம். எழுத்தால் பார்க்க மறுக்க முடியும். கேமராவோ எங்காவது நின்றாக வேண்டும். லீன் அதை உள்ளே வைத்தார். அடெலா தீக்குச்சி கிழிக்கிறாள், வாசலில் அஜீஸின் நிழலுருவம், அவள் கண்ணில் நீர். அதற்கு முன்பே, அவள் சைக்கிளில் போய்ப் பாழடைந்த கோயில் சிற்பங்களைப் பார்த்துக் கலங்கும் காட்சி ஒன்றைப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள், நாவலில் அது இல்லை. ஏன் சேர்த்தார்கள்? காரணம் காட்டாவிட்டால் பார்ப்பவருக்குப் புரியாதே என்ற பயம். ஃபார்ஸ்டர் வேண்டுமென்றே திறந்து வைத்த கதவு அங்கே மூடுகிறது.

அதே ரயில் கட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூடப் போக வேண்டிய பேராசிரியர் கோட்போலேயின் பூஜை நீண்டுபோக, அவரும் அஜீஸின் ஆங்கிலேய நண்பர் ஃபீல்டிங்கும் ரயில்வே கேட் மூடியதால் வண்டியைத் தவறவிடுகிறார்கள். இது படத்திலும் இருக்கிறது. மூடிய கேட், போகிற ரயில், தவிக்கிற முகம், எல்லாம் கண்ணுக்குத் தெரிவது. அதனால் தப்பியது. சந்திரபூர் கிளப்பில் இருக்கும் ஆங்கிலேயர்களை ஃபார்ஸ்டர் தம் குரலிலேயே ஊசி குத்துவதுபோல் குத்துவாரே, அது தப்பவில்லை.

தேயிலை மலையில் நின்று பேசும்போது எரியும் பனிக்காட்டை விட முடியாது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, பிறகு தமிழுக்கு வந்தது, 2013இல் பாலாவின் பரதேசி ஆனது. நாவலில் கருப்பனும் மனைவி வள்ளியும் சேர்ந்தே கங்காணியோடு மலை ஏறுகிறார்கள். படத்தில் நாயகன் தனியாகப் போகிறான், அவன் காதலித்த பெண்ணும் குழந்தையும் கடைசிக் காட்சியில் வந்து சேர்கிறார்கள். அந்தக் கடைசி அதிர்ச்சிக்காகவே அவளைப் படம் முழுக்க ஊரில் நிறுத்திவைத்தார்கள். நாவலின் பின்பகுதியில் தொழிலாளிக்காகப் போராடும் மருத்துவர் வருகிறார், ஒரு டாக்டர் எழுதிய நாவலின் நம்பிக்கையே அவர்தான். படத்தில் மருத்துவர் பாட்டும் ஆட்டமுமாக மதம் பரப்புகிறவராக வருகிறார். இதைத் தேய்மானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

மணி அடிப்பதற்குள் இன்னொன்று. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன், 1963. இந்த மலையின் படகர் வாழ்க்கை. எருமையும் ராகியும் சாமையுமாக இருந்த ஹட்டிக்குள், அதாவது படகர் ஊருக்குள், உருளைக்கிழங்கும் தேயிலையும் பணமும் நுழைவதை, குறிஞ்சி பூத்து மறுபடி பூக்கும் கால அளவை வைத்துச் சொல்கிற நாவல். இங்கே இருக்கும் உங்களுக்கு அது வெறும் பூ இல்லை. 2018இல் பூத்ததைப் பார்த்தீர்கள், அடுத்தது 2030. அன்று கைப்பிள்ளையாக இருந்தது அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், அன்று கூட நின்று பார்த்த பெரியவர் இருக்கமாட்டார்.

எதிரணித் தலைவர் ஐயாவிடம் அந்த நாவலை ஒப்படைக்கிறேன். படமாக்குங்கள். நீலச் சரிவை ட்ரோனில் எட்டு விநாடி எடுப்பீர்கள். "12 ஆண்டுகளுக்குப் பிறகு" என்று மூன்று விநாடி எழுத்துப் போடுவீர்கள். மறுபடி நீலச் சரிவு. வாசகர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கடந்த பன்னிரண்டு வருடம் உங்களுக்கு மூன்று விநாடி. அந்த இடைவெளியில் நெருங்கிய உறவுகள் விலகுகின்றன, நிலத்தைப் பார்க்கும் கண் மாறுகிறது. ஒரே நாளில் நடந்தது என்று எதையும் சுட்ட முடியாது, அதுதான் அந்த நாவல். கேமராவுக்கு ஒரு நாள் வேண்டும், ஓர் இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. அடுத்துப் பேசப்போவது எதிரணித் தலைவர். ஹட்டி மாறிய அந்த நாள் எது, கேமராவை எந்தச் சரிவில் வைப்பார் என்பதைச் சொல்லிவிட்டு அவர் தொடங்கட்டும். வணக்கம்.